ஆறு பருவமும் கடலோரத்தில்

வெள்ளிக்கிழமை மாலையில் அத்திபெலே சுங்கச்சாவடியைக் கடந்து தெற்கே செல்லும் கார்களில் பல, ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்கின்றன. இங்கிருந்து முன்னூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவுதான். நள்ளிரவுக்குள் கடற்கரையை எட்டிவிடலாம்; ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடலாம். அவ்வாறு போய்வந்தவர்களுள் சிலர் திங்கட்கிழமை நம் கிளைக்கு வந்து ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கின்றனர்: "ஓய்வுக்குப் பிறகு அங்கேயே போய் இருந்துவிட்டால் என்ன?"

இக்கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. அத்திபெலே, ஓசூர் தொழிற்பேட்டைகளை நம்பித் தமிழக மாவட்டங்களிலிருந்து வந்து, ஆனேக்கல் வட்டத்தில் முப்பதுக்கு நாற்பது அடி மனை வாங்கி வீடு கட்டிய ஒரு தலைமுறை இப்போது ஓய்வு பெறுகிறது. அன்று வயலும் தோப்புமாக இருந்த இடத்தின் விலை இன்று அவர்களே நம்பாத அளவுக்கு ஏறியுள்ளது. 2025 ஆகஸ்ட் 10 அன்று பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்ட பின்னர் அப்பேச்சு இன்னும் வலுத்தது. வீட்டை விற்றால் கடலோரத்தில் ஒரு வீடும், வங்கியில் ஒரு வைப்புத்தொகையும் கிடைக்கும் என்ற எண்ணம் இயல்பானதே.

அது சரியான எண்ணமா என்பதை ஒரு தம்பதியரின் அனுபவத்தைக் கொண்டு இங்கே ஆராய்வோம். அவர்களுடைய இசைவுடனும், பெயரைக் குறிப்பிடாமலும் இதை எழுதுகிறோம்.

மூன்று கேள்விகள்

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவர்கள் நம் கிளைக்கு வந்தனர். கணவர் இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வீட்டுக் கணக்கு முழுவதும் மனைவியின் கையில். கீழும் மேலுமாகக் கட்டிய சொந்த வீடு. எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் மகன். பள்ளி செல்லத் தொடங்கியிருந்த ஒரு பேத்தி. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொங்கல் விடுமுறையில் புதுச்சேரி சென்றுவந்த கணவர், அங்கே கடற்கரைக்கு அருகில் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். முன்பணம் கொடுப்பதற்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். அத்திபெலே வீட்டை விற்று மீதித் தொகையைச் செலுத்துவது அவர் திட்டம்.

"பெரிய ஆசை ஒன்றும் இல்லை சார். காலையில் எழுந்தால் கடல் தெரிய வேண்டும், அவ்வளவுதான்" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

நாம் மூன்று கேள்விகளைக் கேட்டோம். அந்த ஊரை எந்தெந்த மாதங்களில் பார்த்திருக்கிறீர்கள்? போன பின் பிடிக்காவிட்டால் திரும்பி வருவதற்கு எவ்வளவு செலவாகும்? உங்கள் இருவரில் ஒருவர் மட்டும் எஞ்சும் காலத்தில், அவர் அந்த ஊரில் தனியே இருப்பாரா?

மூன்றாவது கேள்வியைக் கேட்பது வங்கி அலுவலரின் வேலையா என்ற தயக்கம் நமக்கு இருந்தது. ஆயினும், நியமனதாரர் படிவத்தை நீட்டும்போதெல்லாம் நாம் நாள்தோறும் கேட்பது அதையேதான்.

முதல் கேள்விக்கு விடை, தை மாதம் மட்டும். இரண்டாவதைக் கணவர் கணக்கிட்டிருக்கவில்லை. மூன்றாவதற்கு அவர் மனைவியைப் பார்த்தார். "அதை இப்போது சொல்ல மாட்டேன்" என்றார் அந்த அம்மையார்.

பழந்தமிழ் அகப்பொருள் இலக்கணம் ஐந்து நிலங்களுக்கும் உரிய பருவங்களை வகுத்தபோது, கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பருவங்களையும் உரியவையாக்கியது. சுற்றுலாப் பயணி அவற்றுள் ஒன்றை மட்டுமே காண்கிறார். ஆகவே நாம் சொன்ன ஆலோசனை எளியது: வைப்புத்தொகையைத் தொடாதீர்கள், வீட்டை விற்காதீர்கள், ஓராண்டு வாடகைக்கு இருந்து ஆறு பருவங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கணவருக்கு அது ஏமாற்றமே. நிரப்பிய விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார்.

அம்மையாரின் நோட்டுப் புத்தகம்

ஆவணியில் முத்தியால்பேட்டையில் முதல் மாடி வீடு ஒன்றை மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குப் பிடித்தனர். அத்திபெலே வீட்டின் கீழ்த்தளத்தை 13,000 ரூபாய்க்கு விட்டு, மேல்தளத்தைப் பூட்டி வைத்தனர். அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் வரவு செலவு எழுதினார். ஓராண்டு கழித்து அதை நம் மேசை மேல் வைத்தார். ஒரு சுற்றுலா நகரத்தில் ஆண்டு முழுவதும் வாழ்வது எத்தகையது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

கார்காலம். முதல் இரண்டு மாதங்கள் தேனிலவு போன்றவை. மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படும்; மறுநாள் காலை ஏழரை மணி வரை அது நடப்பவர்களுக்கே உரியது. இருவரும் காந்தி சிலை வரை நடந்து சென்று திரும்புவர். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் வார இறுதிகளில் ஆட்டோ கட்டணம் உயர்வதையும், வெளியூர் வாகனங்களால் தெருக்கள் அடைபடுவதையும் புத்தகம் பதிவு செய்கிறது. சனி, ஞாயிறுகளில் கடைத்தெருவுக்குப் போவதில்லை என்ற பழக்கம் புரட்டாசிக்குள் வந்துவிட்டது.

கூதிர்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் அத்திபெலேக்காரர்கள் அறியாத பருவம். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, இடைக்கால இடிமழையும் உண்டு. மழை பல மாதங்களில் பிரிந்து பெய்யும். புதுச்சேரிக்கோ ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் இறங்கிவிடும். புயலும் அப்போதே வரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் பல மணி நேரம் நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. மக்களை மீட்க இராணுவம் வந்தது.

தம்பதியர் மாடியில் இருந்ததால் வீட்டுக்குள் நீர் வரவில்லை. ஆனால் தெருவில் முழங்கால் அளவு நீர். ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. அம்மையார் நீரிழிவு நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டது. கீழ்வீட்டு மூதாட்டி ஒரு மண்பானையில் ஈர மணலைப் பரப்பி, அதனுள் சிறு கலயத்தை வைத்து, மருந்தை அதில் வைத்துக் கொடுத்தார். பின்னர் மருத்துவரிடம் கேட்டபோது அவசரத்துக்கு அது சரியான வழியே என்றார். அந்த வாரப் பக்கத்தில் செலவு எதுவும் இல்லை. "பானை, கீழ்வீட்டு அம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

முன்பனிக்காலம். மார்கழியும் தையும்தான் கணவர் காதலித்த புதுச்சேரி. வானம் தெளிவு, காற்று இதம். அப்பருவத்துக்கு ஒரு விலை இருப்பதையும் புத்தகம் சொல்கிறது. கடலோரத்தில் உறவினர் வீடு இருக்கும்போது விடுதிக்கு யார் போவார்கள்? மார்கழி நடுவிலிருந்து தை முடிவதற்குள் இருபத்து மூன்று இரவுகள் வீட்டில் விருந்தினர் தங்கினர். மளிகைச் செலவு இரண்டு மடங்கு. மகனும் பேத்தியும் வந்த நான்கு நாள்களை அம்மையார் அக்கணக்கில் சேர்க்கவில்லை.

பின்பனிக்காலம். மாசி மகத்தன்று சுற்றுப்பட்டு ஊர்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருள்வர். கீழ்வீட்டாருடன் சேர்ந்து அம்மையாரும் சென்றார். தெருவில் இவரைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கியது அதன் பிறகே என்றார்.

இளவேனிற்காலம். பெயரில்தான் இளமை. அத்திபெலே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பது. இங்கே கோடையிலும் இரவில் குளிர்ந்த காற்று வரும். கடலோரத்தில் வெப்பமானி சில பாகை மட்டுமே கூடக் காட்டினாலும், ஈரப்பதம் உடலை வாட்டிவிடும். சித்திரை, வைகாசியில் மின்கட்டணம் தை மாதத்தைவிட மும்மடங்கு. கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் கட்டணமில்லாத பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அதிர்ச்சியே. மேலும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கடலருகே குடியிருந்தும் மீன் விலை ஏறும் பருவம் அது.

முதுவேனிற்காலம். ஆனி, ஆடியில் வீடு தன் கணக்கைக் காட்டியது. உப்புக்காற்றில் புதிய மிதிவண்டியின் சங்கிலி துருவேறியது. குளிர்சாதனக் கருவியின் வெளிப்பகுதி அரித்தது. வீட்டு உரிமையாளர் இரும்புக் கதவுக்கு அவ்வாண்டில் இரண்டாம் முறையாக வண்ணம் பூசினார். வாடகைக்கு இருந்ததால் இச்செலவு தம்பதியர் தலையில் விழவில்லை. அடுக்குமாடி வீட்டை வாங்கியிருந்தால் பராமரிப்புக் கட்டணமாக அது அவர்களிடமே வந்திருக்கும்.

கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை

கடல் தெரியும் வீட்டை வாங்க நினைப்பவர்கள் புதுச்சேரிக் கடற்கரையின் வரலாற்றை அறிய வேண்டும். சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தேங்கியது. வடக்கே நகர்ப் பகுதியில் இருந்த மணற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது. பாறைகளைக் கொட்டித்தான் சாலையைக் காத்தனர். பாறைகள் போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. பொம்மையார்பாளையம் வரையுள்ள மீனவர் குப்பங்கள் அதன் விளைவை அனுபவித்தன. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் கடலுக்கு அடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்ட பின், தலைமைச் செயலகத்தின் எதிரே மணற்பரப்பு மீண்டும் தோன்றியது.

இதனால் வாங்குபவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. விளம்பரத்தில் "கடலிலிருந்து இருநூறு அடி" என்று சொல்லப்படும் தொலைவு இன்றைய அளவு மட்டுமே. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019இல் வெளியானது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கட்டுப்பாடு பொதுவாக நீளும். நகர்ப்பகுதியா, ஊரகப்பகுதியா என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். ஊரகப்பகுதிகளில் கரையை ஒட்டிக் கட்டுமானமே கூடாத பகுதியும் உண்டு. வீட்டுக்கடன் விண்ணப்பம் வரும்போது வங்கியின் சட்ட ஆலோசகர் இந்த ஒப்புதலைக் கேட்பது இதனால்தான். கடன் வாங்காமல் ரொக்கமாக வாங்குபவரும் அதே ஆய்வைத் தம் செலவில் செய்துகொள்வது நல்லது.

எல்லைக்கோடு எங்கே?

அத்திபெலேவாசிகளுக்கு எல்லை புதிதன்று. இங்கே குடியிருந்து அங்கே வேலைக்குச் செல்பவர்கள் நாம். எனினும் புதுச்சேரியின் எல்லை நம்முடையதைவிடச் சிக்கலானது. அந்த ஒன்றியப் பகுதியின் நிலம் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகச் சிதறியிருக்கிறது. "பாண்டிச்சேரி வீடு" என்று பெங்களூரில் விற்கப்படும் மனைகளில் பல, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில கிலோமீட்டர் வடக்கே, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளவை. 1968இல் நிறுவப்பட்ட ஆரோவில்லின் பெரும்பகுதியும் அம்மாவட்டத்திலேயே இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகம், முத்திரைத்தாள் கட்டணம், வீட்டு வரி, மின்வாரியம், குடும்ப அட்டை ஆகிய அனைத்தும் அக்கோட்டைப் பொறுத்தே அமையும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் வருவாய்க் கிராமத்தின் பெயரைக் கேட்டறிய வேண்டும்.

ஆண்டு முழுவதும் அங்கே குடியேறுபவர் இங்கே எதை விட்டுச் செல்கிறார் என்பதும் கணக்கில் வர வேண்டும். குடும்ப அட்டையை மாற்றிக்கொண்டால், குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் கிருஹ லக்ஷ்மி போன்ற கர்நாடக அரசுத் திட்டங்கள் நின்றுவிடும். கர்நாடகத்தில் பதிவு செய்த வாகனத்தை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அங்குள்ள வாகன வரியும் சேரும். மருத்துவத்தைப் பொறுத்தவரை புதுச்சேரிக்கு ஒரு பெரும் வலிமை உண்டு: மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் பாரத் அட்டை, எந்த மாநிலத்துக்குச் சென்றாலும் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் செல்லும்.

போவதற்கும் திரும்புவதற்கும் ஆகும் செலவு

இப்போது இரண்டாவது கேள்வி. எடுத்துக்காட்டாக, அத்திபெலே வீட்டை 90 லட்சத்துக்கு விற்று, கடலோரத்தில் 70 லட்சத்துக்கு வீடு வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைத்தாள், பதிவு, சட்டச் செலவு ஆகியவற்றை விலையில் பத்து விழுக்காடு என்று வைத்தால் 7 லட்சம். விற்பனைத் தரகு 1 லட்சம். குடிபெயர்வும் வீட்டுக்கு வேண்டிய பொருத்தங்களும் 2 லட்சம். ஆக, போவதற்கு 10 லட்சம்.

ஈராண்டு கழித்து மனம் மாறினால் அதே செலவு மீண்டும் வரும். விலைகள் சற்றும் மாறவில்லை என்று கொண்டாலும், 90 லட்சத்துக்கு வீடு வாங்கும் செலவு 9 லட்சம், தரகு 1 லட்சம், குடிபெயர்வு 2 லட்சம். மொத்தம் 12 லட்சம். போய்வந்த கணக்கு 22 லட்சம். எட்டு விழுக்காடு வட்டியில் இத்தொகை மாதம் ஏறத்தாழ 14,600 ரூபாய் தரக்கூடியது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பலர் பெறும் மாத ஓய்வூதியத்தைவிட இது அதிகம்.

வரியும் உண்டு. நீண்டகாலம் வைத்திருந்த வீட்டை விற்றால் கிடைக்கும் மூலதன ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு, பணவீக்கச் சரியீட்டுடன் 20 விழுக்காடு என்ற பழைய முறையையும் கணக்கிட்டு, குறைவானதைச் செலுத்தலாம். ஆதாயத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ விலக்கு கிடைக்கும். கணக்குத் தாக்கலுக்கு உரிய நாளுக்குள் வாங்க இயலாவிட்டால், மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் பணத்தை வங்கியில் செலுத்தி விலக்கைக் காத்துக்கொள்ளலாம். பலரும் கவனிக்காதது இதற்கு அடுத்த விதி: புதிய வீட்டை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால், பெற்ற விலக்கு திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். மனம் மாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள காலமும் அந்த மூன்று ஆண்டுகள்தாமே.

இதனோடு தம்பதியரின் சோதனை ஆண்டை ஒப்பிடுவோம். அங்கே கொடுத்த வாடகை 1,80,000 ரூபாய். இங்கே வந்த வாடகை 1,56,000 ரூபாய். ஓராண்டு வாழ்ந்து பார்த்ததற்கு நிகர வாடகைச் செலவு 24,000 ரூபாய் மட்டுமே.

வங்கியில் முடிக்க வேண்டியவை

ஊர் மாறுவதால் வங்கித் தொடர்பு அறுந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பயனாளிகள் 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் ஓய்வூதியம் பெறலாம். ஊர் மாறும்போது ஓய்வூதிய ஆணையை மாற்றத் தேவையில்லை. வாழ்வுச் சான்றிதழை 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் கைப்பேசி வழியே முகப் பதிவு செய்தே அளிக்கலாம். சேமிப்புக் கணக்கை எண் மாறாமல் வேறு கிளைக்கு மாற்றலாம். பாதுகாப்புப் பெட்டகம் மட்டும் கிளையோடு கட்டுப்பட்டது. நகைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக்கு வரும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது நிலையான வருவாய். கடலோரத்தில் சொந்த வீடு வாங்கியே தீருவது என்பவர்கள், புயலும் வெள்ளமும் உள்ளடங்கிய பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டை முதல் நாளே எடுத்துவிட வேண்டும்.

எதிர்மறை அடமானக் கடன் பற்றியும் சிலர் கேட்கின்றனர். அறுபது வயது கடந்தவர் தம் வீட்டை வங்கியிடம் அடமானமாக வைத்து மாதந்தோறும் தொகை பெறும் திட்டம் அது. ஆனால் அந்த வீட்டில் அவரே நிலையாகக் குடியிருக்க வேண்டும். தொடர்ந்து ஓராண்டு அங்கே வசிக்காவிட்டால் கடனை முடிக்கும்படி வங்கி கோரலாம். ஆகவே ஊர் மாறும் எண்ணம் உள்ளவர்கள், அது தீரும் வரை இக்கடனை எடுக்காமல் இருப்பதே முறை.

இரண்டு விடைகள்

2025 புரட்டாசியில் அந்தத் தம்பதியர் மீண்டும் வந்தனர். நாம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது அவர்கள் சொன்னது.

கடல் வேண்டும் என்று சென்றவர் கணவர். அவருக்கே அத்திபெலே நினைவு விடவில்லை. ஆடிக் காற்று, காலையில் சேர்ந்து நடக்கும் பழைய தொழிற்சாலை நண்பர்கள், ஞாயிறுதோறும் வரும் பேத்தி. "கடலை ஒரு மாதம் பார்த்தேன் சார். அப்புறம் அது எதிர்வீடு மாதிரி ஆகிவிட்டது" என்றார்.

விருப்பமின்றிச் சென்றவர் அம்மையார். "மூன்றாவது கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன்" என்று தொடங்கினார். "அத்திபெலேயில் எங்கள் தெருவில் இப்போது பழைய ஆட்கள் யாரும் இல்லை. எல்லாம் ஷிப்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள். நல்லவர்கள்தான், ஆனால் பகலில் தூங்குவார்கள். அங்கே ஒரு நாள் நான் கோலம் போடவில்லை என்றால், எட்டு மணிக்குக் கீழ்வீட்டு அம்மா மாடிப்படி ஏறி வந்துவிடுவார். நான் தனியாக இருக்க வேண்டி வந்தால் அங்கேதான் இருப்பேன்."

கணவர் தாம் தனித்திருக்க நேர்ந்தால் இங்கேதான் என்றார். ஒரே வீட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இருவருக்கு இரண்டு விடைகள் இருந்தன. வீட்டை விற்று அடுக்குமாடி வீட்டை வாங்கியிருந்தால், அவ்விரண்டில் ஒன்றுக்கு இடமில்லாமல் போயிருக்கும்.

இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. அத்திபெலே வீடு விற்பனைக்கு இல்லை. கீழ்த்தள வாடகை முத்தியால்பேட்டை வாடகையின் பெரும்பகுதியைத் தொடர்ந்து ஈடுசெய்யும். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை, வைகாசியிலும் மேல்தளத்துக்கு வந்துவிடுவர். எஞ்சிய எட்டு மாதங்கள் கடலோரம். குடும்ப அட்டை இங்கேயே இருக்கும். கணக்குகள் அனைத்தும் "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்ற முறைக்கு மாற்றப்பட்டன. வீட்டைப் பற்றி உயில் எழுதவும், எஞ்சியவர் எந்த ஊரில் இருக்க விரும்புகிறாரோ அதற்கு மகன் துணை நிற்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிவைக்கவும் ஒப்புக்கொண்டனர். பேத்தியின் கோடை விடுமுறை அத்திபெலேயில் கழியும் என்பது அம்மையாரின் நிபந்தனை.

புதுச்சேரி மட்டுமன்று, மாமல்லபுரம், இராமேசுவரம், கன்னியாகுமரி என எந்தக் கடலோரத்தை ஒருவர் விரும்பினாலும் வழி இதுவே. முதலில் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், அடுத்துக் கோடையில். வாடகைக்கு ஓராண்டு இருங்கள். மருந்தும் மருத்துவரும் எவ்வளவு தொலைவு என்று நடந்து பாருங்கள். கணவனும் மனைவியும் மூன்றாவது கேள்விக்குத் தனித்தனியே விடை எழுதி, பிறகு மாற்றிக்கொண்டு படியுங்கள். பின்னர் கிளைக்கு வாருங்கள். கணக்குப் போடுவது எளிது.

அன்று விடைபெறும்போது கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து மேசை மேல் வைத்தார். ஓராண்டுக்கு முன் நிரப்பிய அதே விண்ணப்பம். வைப்புத்தொகை அந்த ஆவணியில்தான் முதிர்ந்திருந்தது. அதை அம்மையார் பெயரை முதலில் இட்டுப் புதுப்பித்துக் கொடுத்தோம்.